கூலிக்குப் பாடிய குரல்: மட்டாஞ்சேரியின் இசையும் ‘உண்மைக் கலை’ என்னும் வசதியான சொல்லும்

மட்டாஞ்சேரியின் இசை குறித்துக் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகளில் ஒரு கதை மீண்டும் மீண்டும் வருகிறது. அதன் நாயகர் மெஹபூப். 1926இல் பிறந்து 1981இல் மறைந்தவர். ‘மெஹபூப் பாய்’ என்று கொச்சி இன்றும் உரிமையோடு அழைக்கும் பாடகர். கல்யாண வீடுகளிலும் நண்பர்களின் மாடியறைகளிலும் விடிய விடியப் பாடினார். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களைத் தேடி ஓடவில்லை. பணம் சேர்க்கத் தெரியவில்லை. வறுமையில் இறந்தார். ஆகவே அவருடையது உண்மையான கலை. இக்கதையின் எதிர்ப்பக்கத்தில் திரையிசை நிறுத்தப்படுகிறது. அது தயாரிப்பாளர் கேட்டபடி செய்யப்பட்டது, விற்பதற்காகவே பிறந்தது, ஆகவே போலியானது.

இந்த இரண்டு ‘ஆகவே’களையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு பாடகர் வறுமையில் இறந்தார் என்பதிலிருந்து அவர் பாடலின் உண்மைக்கு எப்படிப் போக முடிகிறது? ஒரு பாடல் விலைக்கு விற்கப்பட்டது என்பதிலிருந்து அதன் போலித்தன்மைக்கு எப்படிப் போக முடிகிறது? இடையில் எந்தப் படியும் காட்டப்படுவதில்லை. அங்கே இருப்பது வாதமன்று, பழக்கம் மட்டுமே. அந்தப் பழக்கத்தால் பயனடைவது பாடகரும் அல்லர், கேட்பவரும் அல்லர். பாடகருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் விட்டவர்களே என்பதுதான் இப்பதிவின் வாதம்.

1. மெஹபூப் உண்மையில் எவற்றைப் பாடினார்?

கதையை ஒதுக்கிவிட்டு ஆவணத்தைப் பார்க்கலாம். மெஹபூப் திரையில் பாடத் தொடங்கியது 1951இல் வெளிவந்த ‘ஜீவித நௌகா’வில். கே. வேம்பு இயக்கிய படம், இசை வி. தட்சிணாமூர்த்தி. மலையாளத் திரையுலகின் முதல் பெரிய வணிக வெற்றிகளுள் ஒன்று. அக்காலத்து மலையாளத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இந்திப் பாடல்களின் மெட்டுகளை முன்வைத்து, அவற்றுக்கு மலையாளச் சொற்களை இட்டு நிரப்பச் சொல்வார்கள். கருநாடக இசையில் ஆழ்ந்த புலமை பெற்ற தட்சிணாமூர்த்திக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை. மெஹபூப் அப்படத்தில் பாடிய பாடல், ‘துலாரி’ (1949) படத்தில் நௌஷாத் இசையில் முகமது ரஃபி பாடிப் புகழ்பெற்ற ஒரு பாடலின் மெட்டில் அமைந்தது. ஆக, ‘விலைபோகாத கலைஞ’ராக இன்று கொண்டாடப்படுபவரின் திரைவாழ்வு, முழுக்க முழுக்க வணிகக் கணக்கால் பிறந்த நகல் மெட்டோடுதான் தொடங்கியது.

அப்படியானால் அப்பாடல் போலியா? மட்டாஞ்சேரி அப்படிக் கேட்கவில்லை. காரணம் அவ்வூரின் மொழிநிலையில் இருக்கிறது. சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி, தமிழ், மராத்தி எனப் பல மொழிகள் வீட்டுமொழிகளாகப் புழங்கும் ஊர் அது. மெஹபூப் பிறந்ததே தக்னி பேசும் குடும்பத்தில். ரஃபியின் மெட்டு தயாரிப்பாளருக்குக் கடன் வாங்கிய சரக்கு. மெஹபூபின் தொண்டைக்கோ அது வீட்டு வாசலில் கேட்டு வளர்ந்த இசையின் நீட்சி. ஒரே பாடல், ஒரே ஒலிப்பதிவு. பணம் போட்டவரின் நோக்கில் நகல், பாடியவரின் குரலில் சொந்தம். ‘இப்பாடல் உண்மையானதா?’ என்று ஒருமையில் கேட்கும் கேள்வி இங்கேயே உடைந்துவிடுகிறது.

மூன்றாண்டுகள் கழித்து, 1954இல், ‘நீலக்குயில்’ வந்தது. இந்தி மெட்டுகளின் பிடியிலிருந்து மலையாளத் திரையிசையை விடுவித்த படம் என்று வரலாற்றாசிரியர்கள் ஒருமித்துக் குறிப்பிடுவது இதைத்தான். பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கினர், கதை உரூபுடையது, பாடல்கள் பாஸ்கரனுடையவை, இசை கே. ராகவன். நாட்டார் மெட்டுகளும் மாப்பிளைப் பாட்டின் மரபும் திரைக்குள் நுழைந்தன. மெஹபூப் அதிலும் பாடினார். ‘உண்மைக் கலை’யின் பட்டியலில் இப்படத்தை வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அப்படத்துக்குப் பணம் போட்டவர் ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த வணிகர் டி. கே. பரீக்குட்டி. படம் ஓடுவதற்காக எடுக்கப்பட்டது; நன்றாக ஓடவும் செய்தது. மண்ணின் இசையைத் திரைக்குக் கொண்டுவந்ததும் வணிக முதலீடுதான்.

1961இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’. மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். எடுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம், இசை எம். எஸ். பாபுராஜ். இதிலும் மெஹபூபின் குரல் உண்டு. ஆனால் அதற்குள் திரையுலகம் அவருக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டிருந்தது: நகைச்சுவைப் பாடல் என்றால் மெஹபூப். ரஃபியின் நீண்ட சோக மெட்டைத் தாங்கிய குரலை, சிரிப்புப் பாட்டுக்குரிய குரலாகத் திரையுலகம் சுருக்கிக்கொண்டது. சந்தையின் மீது வைக்க வேண்டிய நியாயமான குற்றச்சாட்டு இதுதான். ஆனால் இக்குற்றச்சாட்டு பணம் கொடுக்கப்பட்டதைப் பற்றியது அன்று. என்ன பாட வேண்டும் என்பதைப் பாடகரைக் கேளாமல் முடிவு செய்ததைப் பற்றியது.

மூன்று படங்கள், ஒரே குரல். வணிகம் நகலையும் கொடுத்தது, மண்வாசத்தையும் கொடுத்தது, சிரிப்புப் பாட்டையும் கொடுத்தது. பாடலின் தரத்தை வணிகத்தின் இருப்பை வைத்து முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். 1940இல் அதே ஃபோர்ட் கொச்சியில், மேடை நாடகப் பாடகர் அகஸ்டின் ஜோசஃபின் மகனாகப் பிறந்தவர் கே. ஜே. யேசுதாஸ். 1961இல் சென்னைக்கு வந்து முதல் பாடலைப் பதிவு செய்தார். பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. ஒரே கரையிலிருந்து புறப்பட்ட இரு குரல்கள். ஒன்று கடலளவு பரவியது, ஒன்று துறைமுகத்திலேயே நின்றது. நின்ற குரலுக்கு ‘உண்மை’ என்ற பட்டத்தைச் சூட்டி, பரவிய குரலை ‘வெற்றி’ என்ற சொல்லால் ஓரங்கட்டுவது திறனாய்வு ஆகாது. தோற்றவருக்கு ஆறுதல் பரிசு வழங்கும் விழா அது. ஆறுதல் பரிசு பெறுபவர் அதைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கில விமர்சனம் ‘சின்சியர்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த இருமையைக் கட்டியது. லயனல் ட்ரில்லிங் 1972இல் வெளியிட்ட நூலில் அச்சொல்லின் பழைய வழக்கை எடுத்துக்காட்டுகிறார். அது முதலில் மனிதர்களைவிடப் பொருள்களைப் பற்றியே பேசியது. கலப்படமற்ற மதுவைக் குறிக்க அச்சொல் வழங்கியது. அதாவது, சந்தைக்கு எதிராக இன்று நிறுத்தப்படும் அச்சொல், சரக்கின் தூய்மையைச் சொல்லும் வழக்கிலிருந்து வந்தது. மட்டாஞ்சேரியின் மிளகு வணிகர்களுக்கு இதில் வியப்பு இராது. விற்கப்படும் மிளகும் கலப்படமற்றதாக இருக்கலாம் என்பது அவர்களுடைய அன்றாட அறிவு. விலையும் தூய்மையும் ஒரே மூட்டையில் இருக்கக்கூடியவை.

தமிழில் நிலைமை வேறு. ‘உண்மை’ என்பது ‘உள்’ என்னும் அடியிலிருந்து வந்தது, உள்ளதன் தன்மை. உள்ளத்தின் நேர்மை என்ற பொருள் பின்னர் ஏற்றப்பட்டது. ஆனால் தமிழ் வழக்கு வேறொரு சொற்றொடரில் இந்தச் சிக்கலை முழுமையாகப் பிடித்து வைத்திருக்கிறது: ‘கூலிக்கு மாரடித்தல்’. மனமின்றிச் செய்யும் வேலைக்குத் தமிழன் வைத்த இழிபெயர் இது. இந்த மரபுத்தொடரின் பின்னணியில் உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். இழவு வீட்டில் ஒப்பாரி பாட அழைக்கப்பட்ட பெண்கள் அவர்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். இறந்தவர் அவர்களுக்கு உறவில்லை. ஆனால் உறவினரின் தொண்டையில் சிக்கிய துக்கத்தை வெளியே கொண்டுவரும் மொழித்திறன் அவர்களிடம் இருந்தது. அவர்கள் பாடிய பிறகே வீடு அழுதது. மொழி அந்தத் திறனைப் பதிவு செய்யாமல், அதற்குப் பெற்ற கூலியைப் பதிவு செய்து இகழ்ந்தது. வாடகைக்கு அழ ஆள் வைத்தவரை இகழும் மரபுத்தொடர் ஏதும் தமிழில் வேரூன்றவில்லை. கூலி வாங்கியவர் மீது மட்டுமே பழி விழுந்தது. பறை முழக்குவதைச் சாதிக் கடமையாகச் செய்ய மறுத்துப் போராடியவர்களின் வரலாற்றை அறிந்த எவருக்கும், ‘காசுக்காகச் செய்வது கலையன்று’ என்ற வாக்கியம் எந்தத் திண்ணையிலிருந்து பேசப்படுகிறது என்பது புரியும்.

மொழியியல் இவ்விடத்தில் உதவுகிறது. பேச்சுச்செயல் கோட்பாட்டில் ஜான் சேர்ல் (1969) ‘நேர்மை நிபந்தனை’ என ஒன்றை வகுக்கிறார். வாக்குறுதி அளிப்பவருக்கு அதை நிறைவேற்றும் எண்ணம் இருக்க வேண்டும். நன்றி சொல்பவருக்கு நன்றியுணர்வு இருக்க வேண்டும். இந்த நிபந்தனை பேசுபவர் ஒருவர் என்ற எண்ணத்தின் மீது நிற்கிறது. அவருக்கு முன்பே ஜே. எல். ஆஸ்டின் மேடையிலும் கவிதையிலும் வரும் கூற்றுகளைத் தம் ஆய்விலிருந்து ஒதுக்கி வைத்தார். அங்கே ‘பேசுபவர்’ யார் என்பது குழப்பமானது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். எர்விங் கோஃப்மன் (1981) அந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டினார். ‘பேசுபவர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது மூவர் இருக்கிறார்கள்: ஒலியை எழுப்புபவர், சொற்களைத் தேர்ந்தவர், அச்சொற்களின் நிலைப்பாட்டுக்குப் பொறுப்பேற்பவர்.

திரைப்பாடலில் இந்த மூவரும் ஒருவராக இருப்பதே அரிது. சொல் ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது, உதட்டசைவு நான்காமவருடையது, பணம் ஐந்தாமவருடையது. ‘பாடல் நேர்மையானதா?’ என்று கேட்டால், ‘இவர்களுள் யாருடைய நேர்மை?’ என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பாடகரின் நேர்மை அவர் ஏற்ற பணியில் இருக்கிறது. சுருதி தவறாமை, சொல்லின் பொருளறிந்து மூச்சை நிறுத்துமிடம், கேட்பவரை ஏமாற்றாமை ஆகியவற்றில் அதைக் காணலாம். சட்டைப்பையில் என்ன விழுந்தது என்பதில் காண முடியாது. ஒப்பாரி பாடிய பெண்ணும் மெஹபூபும் இந்த வகையில் ஒரே தொழிலைச் செய்தவர்கள்: பிறர் உணர்வுக்குத் தம் குரலை முழுமையாகக் கொடுத்தவர்கள்.

3. சாப்பா வீசப்பட்ட துறைமுகம்

மெஹ்ஃபில் பணத்துக்கு அப்பாற்பட்டது என்ற கூற்று, வேறெந்த ஊரைப் பற்றிச் சொல்லப்பட்டாலும் வெறும் மிகையாக இருந்திருக்கும். மட்டாஞ்சேரியைப் பற்றிச் சொல்லும்போது அது வரலாற்றுக்கு இழைக்கும் அவமதிப்பாகிறது.

கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. சரக்கேற்றும் வேலைக்கு ஆள் எடுக்கும் கங்காணி, கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கிக்கொண்டவருக்கு அன்றைக்கு வேலை. மற்றவருக்கு அன்று பட்டினி. இந்த இழிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அப்போராட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கே. எம். சிதம்பரன் இதை ‘துறமுகம்’ என்ற நாடகமாக எழுதினார். 2023இல் அதே பெயரில் ராஜீவ் ரவி இயக்கிய திரைப்படமும் வந்தது.

இப்போது ஆண்டுகளை அடுக்கிப் பார்க்கலாம். 1951இல் ‘ஜீவித நௌகா’. 1953இல் துப்பாக்கிச்சூடு. 1954இல் ‘நீலக்குயில்’. இசையும் கூலிப் போராட்டமும் ஒரே ஊரில், ஒரே தெருக்களில், ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தன. மெஹபூபின் பாட்டைக் கேட்க மாடியறைகளில் கூடியவர்களுள் துறைமுகத்தில் சாக்கு சுமந்தவர்களும், படகு ஓட்டியவர்களும், கிடங்குகளில் மிளகு சலித்தவர்களும் இருந்தார்கள். கூலி என்பது அவர்களுக்கு இழிசொல் இல்லை. உயிர் கொடுத்துக் கேட்ட உரிமை. அந்த மக்களின் இசையைத்தான் ‘கூலியைக் கடந்த இசை’ என்று கல்விப்புலம் புகழ்கிறது. சாப்பாவைக் கண்டித்து ஓர் இயலும், ஊதியமின்றிப் பாடியதைப் புகழ்ந்து மறு இயலும் ஒரே ஆய்வேட்டில் இருக்க முடிகிறது என்றால், அந்த ஆய்வேடு பாடுவதை உழைப்பாகவே கருதவில்லை என்று பொருள்.

மெஹ்ஃபிலில் பணம் புழங்கவில்லை என்பதும் சரியன்று. கல்யாணப் பாட்டுக்குக் கொடை உண்டு. பாட்டில் மயங்கியவர் வைக்கும் அன்பளிப்பு உண்டு. சாப்பாடும் தேநீரும் உண்டு. இல்லாதது ஒப்பந்தம் மட்டுமே. கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது எல்லாம். நல்ல நாளில் அது அன்பு. கெட்ட நாளில் அதுவும் ஒருவகைச் சாப்பாவே.

4. சட்டம் பேசிய மொழி

பாடகரின் வறுமைக்குக் காரணம் அவருடைய ஞானியைப் போன்ற பற்றின்மை என்று சொல்லப்படுகிறது. அதற்குச் சட்டப்பூர்வமான காரணமும் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகருக்கு இடமே இல்லை. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம், இசையமைப்பாளர்கள் பாடலாசிரியர்கள் சங்கத்துக்கும் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இடையிலான வழக்கில், ஊதியம் கொடுத்துப் படத்துக்காக இசையும் பாடலும் உருவாக்கச் செய்த தயாரிப்பாளரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் (1957இல் கேரளத்தின் சட்ட அமைச்சராக இருந்தவர்) தீர்ப்போடு தனிக்குறிப்பு ஒன்றைச் சேர்த்தார். பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகரைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை என்பதை எடுத்துக்காட்டி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்ற பொருள்பட எழுதினார்.

நாடாளுமன்றம் கவனிக்க 17 ஆண்டுகள் ஆயின. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் ‘நிகழ்த்துநர் உரிமை’ என்ற ஒன்றை முதன்முதலாக உருவாக்கியது. ஆனால் திரைப்படத்தில் சேர்த்துக்கொள்ள ஒருமுறை இசைந்துவிட்டால் அவ்வுரிமை பெரும்பாலும் பயனற்றுப் போனது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம்தான் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் பங்குத்தொகையைக் கைமாற்ற முடியாததாக்கியதோடு, வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கும் பங்கு உண்டு என்று வகுத்தது. மெஹபூப் இறந்தது 1981இல். பாடகருக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைப்பதற்குப் 13 ஆண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார். அவர் குரலிலிருந்து மற்றவர்கள் ஈட்டியதில் பங்கு கேட்கும் வாய்ப்பே இல்லாதவரைப் பார்த்து, ‘அவர் பங்கு கேட்கவில்லை, எத்தனை உயர்ந்த மனம்’ என்று வியப்பது என்ன வகை மரியாதை?

மட்டாஞ்சேரி மெஹ்ஃபில்களின் குலதெய்வமான ரஃபியின் வாழ்விலும் இக்கேள்வி எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் லதா மங்கேஷ்கர், பாடகர்களுக்கும் இசைத்தட்டு விற்பனையில் பங்கு வேண்டும் என்றார். பாடியதற்கு ஊதியம் பெற்றபின் உரிமை கோர ஏதுமில்லை என்பது ரஃபியின் நிலை. அவ்வேறுபாட்டால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவில்லை. ரஃபியின் நிலையைப் பெருந்தன்மை என்று சொல்வது வழக்கம், பெருந்தன்மையாகவே இருக்கட்டும். ஆனால் அடுத்த நாள் காலையில் நான்கு ஒலிப்பதிவுகள் காத்திருப்பவரின் பெருந்தன்மை அது. ஆண்டுக்கு ஒரு பாட்டுக் கிடைத்தவருக்கு அதே நிலைப்பாடு வாழ்நாள் தண்டனை. பங்கு கேட்டதால் லதாவின் குரலில் உண்மை குறைந்துவிட்டது என்று காதுள்ள எவரும் சொன்னதில்லை.

5. ஒரு நியாயமான எதிர்வாதம்

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அடோர்னோ 1941இல் வெகுசன இசை பற்றி எழுதியது நினைவுக்கு வரும். சந்தை பாடலை வெறுமனே விற்பதில்லை. விற்கத்தக்க வடிவத்தில் அதை வார்த்தெடுக்கிறது. கேட்பவருக்கு முன்பே பழகியதையே புதிது போல் கொடுக்கிறது. ஆகவே ஊதியம் நியாயமாகக் கொடுக்கப்பட்டாலும் இசை சீரழியத்தான் செய்யும்.

இதில் பாதி உண்மை. ‘ஜீவித நௌகா’வின் நகல் மெட்டுகளே அதற்குச் சான்று, மெஹபூபை நகைச்சுவைப் பாட்டுக்குள் அடைத்ததும் சான்று. ஆனால் மறுபாதிக்கு மட்டாஞ்சேரியே விடை வைத்திருக்கிறது. அவர் பெயர் உம்பாயி. இப்ராகிம் என்ற இயற்பெயர் கொண்டவர். பம்பாய் சென்று, படே குலாம் அலி கானின் மகன் முனவர் அலி கானிடம் இசை கற்றுத் திரும்பியவர். ‘உம்பாயி’ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் இயக்குநர் ஜான் ஆபிரகாம். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி எடுக்கப்பட்ட ‘அம்ம அறியான்’ (1986) படத்தில் உம்பாயியின் குரல் ஒலித்தது. வணிகத்துக்கு இதைவிடத் தொலைவில் நிற்கும் படம் இந்திய சினிமாவில் அரிது. அதே உம்பாயி எர்ணாகுளத்து விடுதி ஒன்றில் விருந்தினர்களுக்காக மாலைதோறும் கஜல் பாடினார். முள்கரண்டிகள் தட்டில் மோதும் ஓசைக்கு நடுவே, மாத ஊதியத்துக்குப் பாடினார். அந்த ஊதியம்தான் அவருக்குப் பயிற்சிக்கான நாள்களைத் தந்தது. பின்னர் ஓ. என். வி. குறுப்பு, சச்சிதானந்தன், யூசஃபலி கேச்சேரி போன்ற கவிஞர்களின் வரிகளுக்கு மெட்டமைத்துப் பாடி, மலையாள கஜல் என்ற வகைமையையே நிலைநாட்டினார். அப்பாடல்கள் ஒலிநாடாக்களாகவும் குறுந்தகடுகளாகவும் கடைகளில் விற்றன. 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது கொச்சி அழுதது. விடுதியில் பாடிய உம்பாயி போலி, ஜான் ஆபிரகாமுக்குப் பாடிய உம்பாயி உண்மை என்று எந்த ஒலிப்பதிவைக் கேட்டுப் பிரித்துச் சொல்ல முடியும்?

அடோர்னோ அஞ்சிய வார்ப்படம் உருவாவது பணத்தால் மட்டும் அன்று. பாடுபவரின் சொல்லுக்கு இடமில்லாத பேரத்தால் உருவாகிறது. உம்பாயி தம் பாடலையும் கவிஞரையும் தாமே தேர்ந்தார். மெஹபூபுக்கு அந்தத் தேர்வு திரையுலகில் வாய்க்கவில்லை. இருவருக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாடகரின் கையில் இருந்த பேரவலிமை விளக்குகிறது. ‘உண்மை × வணிகம்’ என்ற கோடு விளக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று ‘உண்மை’ என்பதே விற்பனைச் சரக்கு. 2012இல் கொச்சி–முசிறிஸ் பியனாலே தொடங்கியபின் மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகள் காட்சியகங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. ‘அசலான மெஹ்ஃபில் மாலை’ என்பது பயணிகளுக்கு வழங்கப்படும் அனுபவங்களுள் ஒன்றாகிவிட்டது. அங்கே விற்கப்படுவது பாடல்கூட இல்லை. ‘இது விற்பனைக்கு இல்லை’ என்ற தோற்றம். அந்தத் தோற்றம் குலையாமலிருக்கப் பாடகர் எளியவராகவே இருக்க வேண்டும். கட்டணம் பேசும் பாடகர் அந்தச் சரக்கின் விலையைக் குறைத்துவிடுகிறார். ‘உண்மைக் கலை’ என்ற விமர்சனச் சொல்லும் இந்த விளம்பரமும் ஒரே இலக்கணத்தில் பேசுகின்றன.

6. தமிழ்ப் பக்கம் திரும்பினால்

இது கேரளத்தின் தனிச்சிக்கல் என்று தமிழ்ப் புலமையுலகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ நிலமற்ற உழைப்பாளிகளின் நினைவைப் பாடியது. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோரின் கூட்டுப் படைப்பு. யூடியூபில் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதன் ‘உண்மைத்தன்மை’ குறித்துக் கட்டுரைகள் குவிந்தன. அதே ஆண்டு ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் முகம் இல்லாமற்போனது பெரும் விவாதமானது. அடுத்த ஆண்டு சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அவர் இல்லாமல் பாடல் அரங்கேறியது மீண்டும் விவாதமானது. 2024இல், மூன்றாண்டுகள் கடந்தும் அப்பாடலிலிருந்து தங்களுக்கு வருவாய் வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் வெளிப்படையாகச் சொன்னார். வேர்களைப் பாடிய பாடலின் நேர்மையைப் புகழ்ந்தவர்களுள் எத்தனை பேர் அதன் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டார்கள்?

தமிழின் பழைய மரபு இவ்வளவு கூச்சப்படவில்லை. பரிசில் எங்கே கிடைக்கும் என்று சக கலைஞருக்கு வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி இது. ஆற்றுப்படை நூல்களின் பாணரும் பொருநரும் கூத்தரும் தம் பசியை மறைக்கவில்லை. தம் கலைக்குக் கிடைத்ததை மறைக்கவும் இல்லை. அவர்களை யாரும் ‘வணிகக் கலைஞர்’ என்று பிரித்து வைக்கவில்லை.

அந்த மரபுக்குள்ளேயே மறுப்பின் குரலும் உண்டு. புறநானூற்றின் 208ஆம் பாட்டில், நெடுந்தொலைவு நடந்து வந்த பெருஞ்சித்திரனார்க்கு அதியமான் நேரில் காணாமலே பரிசிலை அனுப்பி வைக்கிறான். புலவர் அதை ஏற்க மறுக்கிறார். தம்மைக் காணாமல் கொடுத்ததை வாங்கிச் செல்லத் தாம் வணிகர் இல்லை என்கிறார். தகுதியறிந்து கொடுத்தால் தினையளவும் இனிது என்கிறார். இப்பாட்டைப் பணத்தை மறுத்த கலைஞனின் பாட்டாகப் படிப்பது பிழை. அவர் மறுத்தது பரிசிலையன்று. கேளாமல், காணாமல், தகுதி அறியாமல் வீசப்பட்ட பரிசிலை. துறைமுகத்தில் சாப்பாவை மறுத்தவர்களும் கேட்டது இதையேதான். கலைக்கும் வணிகத்துக்கும் இடையே கோடு போட விரும்புவோர்க்குத் தமிழ் தந்த அளவுகோல் இது: கேட்டுக் கொடுத்தாயா, கேளாமல் எறிந்தாயா?

7. கருத்தரங்க அரங்கில்

கடைசியாக, இதைப் படிப்பவர்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கே வரலாம். நாட்டார் இசை, வெகுசன இசை பற்றிய கருத்தரங்கு ஒன்றின் வரவுசெலவுத் திட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். கருத்துரை வழங்குபவருக்கு மதிப்பூதியம் உண்டு; பயணப்படி உண்டு; தங்குமிடம் உண்டு. மாலையில் பாட அழைக்கப்படும் கலைஞருக்குப் பெரும்பாலும் ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, பேருந்துக் கட்டணம். அவருடைய பாட்டைப் பற்றி வாசிக்கப்படும் கட்டுரை வாசித்தவருக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் ஆகிறது. பாட்டு பாடியவருக்குக் கைதட்டல் ஆகிறது. மறுநாள் அதே அறிஞர் மேடையில் ‘சந்தை கலையைச் சுரண்டுகிறது’ என்று பேசுகிறார். சந்தை குறைந்தபட்சம் ஒரு பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்குகிறது.

இதை மாற்ற கோட்பாட்டுப் புரட்சி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பாடலைப் பற்றிய ஆய்வேட்டில் ராகம், தாளம், மெட்டின் மூலம் ஆகியவற்றோடு ஒப்பந்தமும் இடம்பெற வேண்டும். யார் அமர்த்தினார், என்ன கொடுத்தார், இசைத்தட்டின் மேல் யார் பெயர் அச்சானது, பின்வந்த வருவாய் யாருக்குப் போனது என்பவை பாடலின் புறச்செய்திகளாக ஒதுக்கப்படக் கூடாது. அது யாருடைய பேச்சு என்பதைத் தீர்மானிக்கும் அகச்செய்திகள் அவை. களப்பணியில் பாட்டைப் பதிவு செய்யும் ஆய்வாளர், அப்பதிவின் உரிமை யாருக்கு என்பதைப் பாடியவரின் மொழியில் எழுதி அவரிடம் ஒரு படி கொடுக்க வேண்டும். ‘உண்மையான கலைஞர்’ என்ற தொடரை எழுதும் ஒவ்வொருவரும், அந்த அடைமொழிக்கு அடியில் வறுமை ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெஹபூபின் குரல் பெரியது. அதைச் சொல்ல அவருடைய வறுமை தேவையில்லை. அவர் செல்வந்தராக இறந்திருந்தாலும் அந்தக் குரல் அதே குரல்தான். அவர் நினைவைப் போற்றுவதாகச் சொல்லும் அடுத்த கருத்தரங்கின் செலவுப் பட்டியலில், பாடுபவருக்கான தொகை பொன்னாடைக்கான தொகைக்கு மேலே எழுதப்படட்டும். அதையும் அவரைக் கேட்டு எழுதட்டும்.